மீனுக்கு ஒத்துக்கொள்ளாத சிறுவாணி

அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் என் மாமனார் வந்து நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அது நிறையத் தண்ணீர்.

"அம்மணி, இதக் கொஞ்சம் பாருங்க."

இந்தத் தொடரைப் போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோனதோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அதுவரை மாமா என்னிடம் பேசியது "சாப்பிட்டீங்களா", "பஸ் கெடச்சுதுங்களா" என்ற இரண்டு கேள்விகள் மட்டும்தான். மருமகள் என்றாலும் டீச்சர் என்பதால் எனக்கும் 'ங்க' உண்டு. அவர் பால்காரருக்கும் 'ங்க' போடுவார், பால்காரரின் எருமைக்கும் போடுவார். அப்படிப்பட்டவர் தானே தேடி வந்து ஒரு டம்ளரை நீட்டினால் என்ன செய்வது?

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கினேன். ஒரே மூச்சில் குடித்தேன்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்றேன்.

மாமா காலி டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார்.

"அது மீன் தொட்டித் தண்ணிங்க" என்றார்.

தண்ணீர் நீட்டும் ஊர்

நான் ஏன் குடித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

நான் திருப்பூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்து நிற்கும். கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் தண்ணீரை விருந்து மாதிரி பரிமாறும் ஊர் ஒன்று உண்டென்று தெரிந்தது. புது மணமக்களை விருந்துக்கு அழைத்த வீடுகளில் எல்லாம் முதலில் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் வரும், மேற்கு மலை அணையிலிருந்து குழாயில் வருவது. கொடுத்தவர் நகர மாட்டார். நாம் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "அட, இனிக்குதுங்களே!" என்று சொன்னால்தான் அடுத்து வடை வரும்.

அத்தனை வீட்டிலும் இனிக்குதுங்களே சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய். மீன் தொட்டித் தண்ணீருக்கும் சொல்லிவிட்டது.

மாமா என்னைக் குடிக்கச் சொல்லவில்லை. சோதிக்கச் சொல்லியிருக்கிறார். நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவிகளுக்கு வேதியியல் ஆசிரியை. அந்தப் படிப்பின் மேல் எங்கள் வீட்டாருக்கு அபார நம்பிக்கை. புதுப் புடவை சாயம் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். பால் திரிந்தால் கூப்பிடுவார்கள். ஒரு தடவை பக்கத்து வீட்டு நாய் எதையோ தின்றுவிட்டு வாந்தியெடுத்தபோதுகூட அத்தை, "நம்ம அம்மணி கெமிஸ்ட்ரி படிச்சிருக்குது, கேளுங்க" என்று சுவருக்கு மேலே குரல் கொடுத்தார்.

டி.வி.க்குப் போட்டியாக வந்த மீன்

அந்த மீன்கள் வீட்டுக்கு வந்த கதை தனி.

அத்தையின் தம்பி கதிர்வேல் காந்திபுரத்தில் டி.வி. கடை வைத்திருந்தார். வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக்கொண்டிருந்த காலம். கடைக்கு ஒரு களை வேண்டுமென்று வாசல் பக்கம் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, மெட்ராஸிலிருந்து மீன் வரவழைத்தார். சிக்லிட் என்ற இனம். பூர்வீகம் ஆப்பிரிக்காவில் ஒரு ஏரி. எலுமிச்சை மஞ்சளில் சில, மயில் கழுத்து நீலத்தில் சில. ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். சமாதானம் என்பதே கிடையாது.

கூட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாக வந்து, டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் சண்டையைப் பார்த்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் டி.வி. வாங்கவில்லை. ஒருநாள் கதிர்வேல் தொட்டியை ஒரு மினி லாரியில் ஏற்றி, கணபதி பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார்.

"மச்சான், ரிட்டையராகிச் சும்மாதானுங்களே இருக்கறீங்க? வெச்சுக்கங்க" என்றாராம்.

மாமா ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கப் பஞ்சுத் தூசியோடு சண்டை போட்டவர். தூசி இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவரிடம் மீன் தொட்டி வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன்களை வாளிக்கு மாற்றுவார். தொட்டியைச் சுரண்டித் தேய்ப்பார். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் வடகம் மாதிரி காயவைப்பார். பிறகு சுத்தமான சிறுவாணித் தண்ணீரை ஊற்றுவார். விருந்தாளிக்குக் கொடுக்கிற தண்ணீர். தொட்டி பளபளக்கும். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

நல்ல கிருமி

அதற்குத்தான் டம்ளரோடு வந்திருக்கிறார்.

நான் மீன் வளர்த்ததே இல்லை. ஆனால் கெமிஸ்ட்ரி டீச்சர் என்ற பட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது. நான் படித்த பழைய கல்லூரிக்குப் போய் விலங்கியல் பேராசிரியை ஒருவரிடம் கெஞ்சி ஒரு புத்தகம் வாங்கி வந்து படித்தேன். மாமாவைக் கூடத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"மீன் கழிக்கறதெல்லாம் தண்ணியில விஷமாகுதுங்க மாமா. அந்த விஷத்தத் தின்னு தீக்கறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்குது. கல்லு மேல பாசி மாதிரி ஒட்டியிருக்கும். நீங்க வாரா வாரம் அதத் தேச்சுப்போடறீங்க."

"கிருமிங்களா?"

"நல்ல கிருமிங்க மாமா."

"நம்ம ஊட்டுலயா?" என்றார். முகம் வாடிவிட்டது.

இருந்தாலும் கேட்டுக்கொண்டார். கல்லைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு காலையில் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். தேங்காய் நாரைக் கையில் எடுத்தார், வைத்தார். கடைசியில் என் வீட்டுக்காரரின் மொபெட்டைத் தேய்த்தார். அது முடிந்ததும் கிரைண்டரை. அதுவும் முடிந்ததும் வெளியே போனார். பக்கத்து வீட்டு ரங்கம்மாவின் இரும்பு கேட் அன்று பகலில் புதிது மாதிரி மின்னியது.

மீன்கள் சாவது நின்றது. வீட்டில் என் மதிப்பு ஏறியது. ஏறிய மதிப்பை அப்படியே விட்டிருக்கலாம்.

ஆனால் பள்ளியிலிருந்து கொண்டுவந்த பி.எச். தாளைத் தொட்டியில் நனைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது மஞ்சளிலிருந்து ஆரஞ்சுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் புளித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இதற்கு நடுவில் பெரிய மஞ்சள் மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. தாடை மட்டும் உப்பியிருந்தது.

"அது வெரதம் இருக்குது" என்று அத்தை முடிவு கட்டினார். "எந்தச் சாமிக்குன்னுதான் தெரியல." தொட்டியின் மேல் மூடிக்கு விபூதி வைத்தார். விரதம் இருக்கும் மீனைப் பார்த்து மனமிரங்கி, மற்ற மீன்களுக்கு இரண்டு மடங்கு தீனி போட்டார்.

இரவுச் சாப்பாட்டில் ஒரு அவமரியாதை

புத்தகத்தில் அந்த ஆப்பிரிக்க ஏரியைப் பற்றிப் போட்டிருந்தது. சுண்ணாம்புச் சத்துள்ள கடினமான தண்ணீர். காரத்தன்மை உள்ளது. படிக்கப் படிக்க எங்கேயோ பார்த்த தண்ணீராக இருந்தது. எழுந்து போய்க் குளியலறை வாளியைப் பார்த்தேன். அடிவரை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர்தான் அது. துணி துவைக்கவும் வாசல் தெளிக்கவும் மட்டும் லாயக்கு என்று ஒதுக்கிவைத்த உப்புத் தண்ணீர்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன்.

"மாமா, இந்த மீனுங்களுக்குச் சிறுவாணி ஆகாதுங்க. போர் தண்ணிதான் நல்லது."

என் வீட்டுக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். அத்தை ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிறுவாணி ஆகாதுங்களா?" என்றார் மாமா மெதுவாக.

"அதுல சத்தே இல்லீங்க. ரொம்ப லேசான தண்ணி. புளிப்பத் தாங்கற சக்தி அதுக்குக் கெடையாது."

"சத்தே இல்லீங்களா?"

மாமா மோர்ச் சாதம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆவல, சிறுவாணியில நொட்டை சொல்லிப்போட்டயே கண்ணு" என்று அத்தை என்னிடம் வருத்தப்பட்டார். என் வீட்டுக்காரர் ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலை பார்த்தார். தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு வேறு கருத்து இல்லை. "நீ அவரப் பெத்தவங்களப் பத்திப் பேசியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மாமா என்னிடம் "பஸ் கெடச்சுதுங்களா" என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் வழிமறித்தார்.

"போர் தண்ணியே ஊத்திப்போடலாமுங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில், பாதி வாசற்படி தாண்டியபடியே சொன்னேன்: "தெனமும் ஒரு டம்ளருங்க மாமா. கொஞ்சங் கொஞ்சமா."

அதே நொடியில் அந்தப் பக்கம் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கூடத்தில் ஒரு செய்முறைத் தேர்வு

அன்று சனிக்கிழமை. அரை நாள் பள்ளி. நான் திரும்பி வந்தபோது மாமா தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காலி வாளிகள்.

"பாதித் தண்ணிய எடுத்துட்டு போர் தண்ணி ஊத்திப்போட்டனுங்க. மனசாரச் செஞ்சனுங்க. ஆனா..."

மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெரிய மஞ்சள் மீன் கருத்துப்போயிருந்தது.

என் மாணவிகளுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுப்பேன். உப்பில் அம்மோனியம் இருக்கிறதா என்று பார்க்க அதோடு காரத்தைச் சேர்ப்போம். இருந்தால் மூக்கை எரிக்கும் அம்மோனியா கிளம்பும். புளித்த தண்ணீரில் மீன் கழிவு அம்மோனியமாக, அவ்வளவாகத் தொந்தரவு செய்யாமல் கிடந்திருக்கிறது. அதில் காரமான போர் தண்ணீர் ஒரே மூச்சில் விழுந்ததும் அத்தனையும் அம்மோனியா. எங்கள் லேபில் சோதனைக் குழாயில் செய்வதை மாமா கூடத்தில், உயிருள்ள மீன்களை வைத்து, தொட்டி அளவில் செய்துமுடித்திருந்தார்.

"சிறுவாணி வேணுங்க மாமா! உடனே வேணும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது கோடை. சில நாட்களாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டு டிரம்மில் அடி தெரிந்தது. குடிக்க வைத்திருந்த ஒரு குடத்தை ஊற்றினேன். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தெருவில் எல்லா வீட்டிலும் குடத்தைப் பூட்டி வைக்காத குறை.

மாமா யாரிடமும் ஒரு கைப்பிடி கடுகுகூடக் கேட்டு அறியாதவர். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரங்கம்மா வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததை ரங்கம்மா பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"ஏனுங்க, சிறுவாணித் தண்ணி ஒரு கொடம் கெடைக்குங்களா?"

"இந்த வெயில்லயா? என்னத்துக்குங்க?"

மீனுக்கு என்று சொல்ல மாமாவுக்கு நாக்கு எழவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "ஊட்டுல உப்புத் தண்ணி ஒத்துக்கலீங்க" என்றார்.

"யாருக்குங்க? புதுசா வந்த புள்ளைக்கா?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் ரங்கம்மா.

"ஏன், என்ன பண்ணுது?"

"வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க."

"வாந்தி வர்ற மாதிரியா?"

"அப்படித்தானுங்க இருக்குது."

"சாப்பிடுதா?"

"சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுங்க."

"ஐயோ! மொகம் எப்பிடி இருக்குது?"

"மஞ்சளா இருந்ததுங்க. இப்பக் கறுத்துப் போச்சுங்க."

எங்கள் பக்கம் வீட்டுப் பெண்ணையும் பாசமாக 'அது' என்றுதான் சொல்வோம். அதனால் இலக்கணமும் என்னைக் காப்பாற்றவில்லை. ரங்கம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல சேதிதானுங்க! இதுக்கா இத்தன தயங்கறீங்க?" என்று உள்ளே ஓடி, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகக் குடங்களோடு வந்தார். வரும் வழியிலேயே நாலு வீட்டுக்கு நல்ல சேதியைச் சொன்னார்.

ஆசைப்பட்டதைக் கேளு கண்ணு

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கைவரை நனைந்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் காற்று கலக்க வேண்டும் அல்லவா? வாசலில் குடங்கள் வரிசையாக வந்தன. பிடித்து வைத்து நாளான தண்ணீர், குளோரின் வாசமே இல்லை. நான் அழாத குறை. ஒவ்வொன்றாக மெதுவாக ஊற்றத் தொடங்கினேன்.

"ஏ புள்ள! இந்த நேரத்துல குனிஞ்சு நிமுரலாமா?" என்று ரங்கம்மா என் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தார். ஒருத்தர் விசிறினார். ஒருத்தர் கண்ணிமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"மீனு! மீனு!" என்று தொட்டியைக் காட்டிக் கத்தினேன்.

"மீன் திங்கோணும்னு ஆசைப்படுது" என்று ரங்கம்மா எல்லோருக்கும் விளக்கினார். "நாளைக்குக் காலைல உக்கடத்துல போயி நானே வாங்கியாறேன் கண்ணு. கொழம்பு வேணுமா, வறுவல் வேணுமா?"

அத்தை சந்தையிலிருந்து திரும்பி வந்து, வாசலிலேயே வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு, ஆனந்தக் கண்ணீரோடு உள்ளே வந்தார். "எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா அம்மணி?" மாமா மூலையில் சொம்பும் கையுமாக, நான் விட்ட வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கடைசியாக என் வீட்டுக்காரர் வந்தார். தெருமுனையிலேயே யாரோ அவர் வாயில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள். உதட்டில் ஒட்டியிருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியலியே?" என்றார். பரீட்சையில் எழுதாத கேள்விக்கு மார்க் வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

நான் பதில் சொல்வதற்குள் மாமாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, எல்லாரும் இங்க வாங்க!"

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஓடினோம். பெரிய மஞ்சள் மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது. வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகளவில் என்னவோ வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கொத்தாக. எல்லாம் கண்ணும் வாலுமாக நீந்தின.

"சாமி! குட்டியத் துப்புது!" என்றார் அத்தை.

விரதமும் இல்லை, நோயும் இல்லை. அந்த இனத்தில் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். அதுவரை ஒரு வாய் தீனி எடுக்காது. புத்தகத்தில் போட்டிருந்ததாம். நான் தண்ணீர் அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை.

தெருப் பெண்கள் மொத்தமும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் ஒவ்வொருவராக என் வயிற்றைப் பார்த்தார்கள், மீனின் வாயைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள். சிரிப்பு ஒரு ஓரத்தில் தொடங்கிக் கூடம் முழுக்கப் பரவியது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார்.

நீல மீன் ஒன்று பிழைக்கவில்லை. மற்றவை எல்லாம் விடிவதற்குள் சண்டையைத் தொடங்கிவிட்டன. அதுதான் அவற்றுக்கு ஆரோக்கியம்.

துண்டு

மறுநாள் மதியம் ரங்கம்மா மூடிவைத்த பாத்திரத்தோடு வந்தார்.

"உக்கடம் போறேன்னு சொல்லியாச்சு, வாங்கியாந்தாச்சு. மாசமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தின்னு" என்று மேசையில் வைத்தார்.

மூடியைத் திறக்கப் போனபோது மாமா "ஒரு நிமுசமுங்க" என்றார். எழுந்து போய், தோளில் இருந்த துண்டை எடுத்துத் தொட்டியின் மேல் முழுக்கப் போர்த்தினார். நாலு பக்கமும் இழுத்துவிட்டார். எங்கேயும் சந்து தெரியாது என்று நிச்சயமான பிறகு வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு இரண்டு துண்டு மீன் போட்டுவிட்டு ரங்கம்மா கேட்டார்: "ஏனுங்க, மீனுக்குத் தண்ணி வேணும்னே சொல்லியிருக்கலாமில்லீங்க? எத்தன வருசமாப் பழகறோம். நாங்க குடுக்க மாட்டமா?"

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"குடுத்திருப்பீங்களா?"

ரங்கம்மா வாயைத் திறந்தார். மூடினார். வெயிலில் வெந்துகொண்டிருந்த தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்தார். துண்டு போர்த்திய தொட்டியைப் பார்த்தார்.

"மாட்டமுங்க" என்றார்.

மாமாவுக்குப் புரையேறியது. அத்தை தலையில் தட்டினார். அவர் இருமி முடித்த பிறகும் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவர் சிரித்துப் பார்த்தது முதன்முதலில் அன்றைக்குத்தான்.